கூடைப்பந்தும் நம் பெண்களும்

தாராவிக்கும் மாதுங்கா இந்தியன் ஜிம்கானாவுக்கும் தொலைவு அதிகமன்று. மகள் கூடைப்பந்து ஆட விரும்பினால், "இதனால் சோறு கிடைக்குமா?" என்று நம்மவர் வினவுவதுண்டு. அளந்து செலவிடும் குடும்பத்தில் அது நியாயமான வினாவே.

1891இல் அமெரிக்காவில் இவ்வாட்டம் தோன்றியபோது, பழக்கூடைகளையே இலக்காகக் கட்டினர். பந்து விழுந்தால் ஏறி எடுக்க வேண்டியிருந்தது. கூடையின் அடி பின்னர் திறந்துவிட்டது. எனினும், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குக் 'கூடைப்பந்து' என்னும் சொல்லில் குறையொன்றும் தோன்றவில்லை.

சென்னையில் பிறந்த அனிதா பால்துரையின் வாழ்வை நோக்குவோம். 2001 முதல் இந்திய மகளிர் அணியில் ஆடிய அவர், பல்லாண்டு அதன் தலைவியாகவும் விளங்கினார். தென்னக இரயில்வே அவருக்குப் பணி அளித்தது. திருமணமும் பிள்ளைப்பேறும் வந்தன. பெண்களின் ஆட்டம் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். அவரோ பயிற்சி செய்து மீண்டும் களம் புகுந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில், கசகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 32. 2021இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது.

சோற்றைப் பற்றி வினவிய பெற்றோர்க்கு ஒரு செய்தி. இரயில்வே, விளையாட்டுத் தகுதி உடையோரைத் தனியே பணியில் சேர்க்கிறது. மத்திய, மேற்கு இரயில்வேக்களின் தலைமையகங்கள் இரண்டும் மும்பையிலேயே உள்ளன. படிப்புத் தகுதியும் கேட்பார்களாதலின், பள்ளியை விடுதல் கூடாது.