உறக்கமின்மை: காரணமும் மருத்துவமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விளக்க நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். உறக்கம் வராத துன்பத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் குறைவு. 'வயதானால் அப்படித்தான்' என்று சிலர் பொறுத்துக்கொள்கின்றனர். வேறு சிலரோ, யாரோ சொன்ன மாத்திரையை வாங்கி ஆண்டுக்கணக்கில் உட்கொள்கின்றனர். இவ்விரண்டும் தேவையற்றவை. உறக்கமின்மை மருத்துவத்தால் மாற்றக்கூடிய ஒரு குறை என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், எது உறக்கமின்மை? ஓர் இரவு கண் விழித்ததால் அது நோயாகிவிடாது. உறங்குவதற்கு வாய்ப்பும் நேரமும் இருந்தும் உறக்கம் வராமை, இடையில் விழித்து மீண்டும் உறங்க இயலாமை, மிக முன்னதாகவே விழித்துவிடுதல் ஆகியவற்றுள் ஒன்று வாரத்தில் 3 இரவுகளாவது ஏற்பட்டு, 3 மாதங்கள் நீடித்து, பகல் வாழ்வையும் பாதித்தால் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்கிறோம்.

நம் உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் ஆளுகின்றன. 1982ஆம் ஆண்டு அலெக்சாண்டர் போர்பேலி என்னும் அறிஞர் இதனைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். ஒன்று, உறக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து இப்பசியை வளர்க்கிறது. மற்றொன்று, உடலின் உள்கடிகாரம். இது ஒளியைக் கொண்டும், நாம் எழும் நேரத்தைக் கொண்டும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தேநீரில் உள்ள காஃபீன் அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. அது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த தேநீரின் பாதி இரவு 10 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

உறக்கமின்மை எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் உளவியல் அறிஞர் விளக்கினார். இயல்பாகவே எளிதில் கவலைப்படும் தன்மை ஒரு நிலம். கடன், நோய், இழப்பு போன்ற ஓர் அதிர்ச்சி அதில் விழும் விதை. அந்த அதிர்ச்சி நீங்கிய பின்னும் உறக்கமின்மை நீங்காமல் இருப்பதற்குக் காரணம், நாம் அதற்கு ஊற்றும் தண்ணீர். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று முன்னதாகவே படுப்பது, பகலில் நெடுநேரம் உறங்குவது, படுக்கையில் புரண்டபடி கடிகாரத்தைப் பார்ப்பது ஆகியவையே அத்தண்ணீர்.

நம் மஹல்லாவுக்கு உரிய ஒரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே மகனோ கணவரோ வேலை முடித்து இரவு 10 மணிக்கு அழைத்தால் இங்கே பன்னிரண்டரை மணி. அழைப்புக்காகக் காத்திருந்து, பேசி முடித்து, கவலையோடு படுக்கும் பெண்ணுக்கு உறக்கம் எங்கிருந்து வரும்? குடும்பத்தார் கலந்து பேசி அழைப்பு நேரத்தை மாற்றிக்கொள்வதும் ஒரு மருத்துவமே.

இனி, சிகிச்சை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் மருத்துவம் மாத்திரை அன்று. அறிதல் நடத்தைச் சிகிச்சையே என்று 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் பரிந்துரைத்தது. அதன் சாரம் இதுதான்:

முதலாவது, எழும் நேரத்தை மாற்றாதீர்கள். சுப்ஹு தொழுகைக்கு எழுவோர்க்கு இந்த ஒழுங்கு ஏற்கெனவே கைவந்தது. உறக்கமின்மை உள்ளவர்கள் தொழுதபின் மீண்டும் படுத்து 8 மணி வரை உறங்கினால் அப்பயன் போய்விடும்.

இரண்டாவது, உறக்கம் கண்ணைத் தழுவும்போது மட்டும் படுங்கள். ஏறத்தாழ 20 நிமிடமாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, உறக்கம் வந்ததும் திரும்புங்கள். கைப்பேசி படுக்கைக்கு வரவேண்டாம்.

மூன்றாவது, படுக்கை நேரத்தைச் சுருக்குங்கள். இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 5 மணிக்கு எழுபவர் உண்மையில் உறங்குவது ஐந்தரை மணி நேரம் என்றால், பதினொன்றரைக்கே படுக்க வேண்டும். படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் உறக்கம் நிறைந்ததும், வாரத்திற்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். முதல் இரண்டு வாரங்கள் சோர்வு மிகும். வாகனம் ஓட்டுவோர் கவனமாக இருக்க வேண்டும். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைச் செய்யலாகாது.

ரமலானில் தராவீஹும் ஸஹரும் உறக்கத்தை இரண்டாகப் பிரிப்பது இயல்பு. அம்மாதத்தில் பகலில் சிறிது உறங்குவதில் தவறில்லை. பெருநாளுக்குப் பின் ஒரே எழும் நேரத்திற்குத் திரும்பிவிடுவதே முக்கியம்.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். அல்ப்ரசோலம், டயசெபம், சோல்பிடெம் முதலியவை இந்தியாவில் 'எச் 1' அட்டவணையில் உள்ளவை. மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதவை. இவை பழக்கத்திற்கு அடிமையாக்கும். முதியோர் இரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிய இவை காரணமாகலாம். ஆனால் நெடுநாள் உட்கொள்வோர் இன்றிரவே திடீரென நிறுத்திவிடவும் கூடாது. அவ்வாறு நிறுத்தினால் உறக்கமின்மை இருமடங்காகத் திரும்பலாம், வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

பெருங்குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அது வேறு நோய். அதற்கு உறக்க மாத்திரை ஆபத்தானது. இரவில் கால்கள் குடைந்து அமைதியிழந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். விடியுமுன் விழிப்பும், எதிலும் நாட்டமின்மையும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் சேர்ந்தால் அது மனச்சோர்வு. அது ஈமானின் குறைவு அன்று; மருத்துவம் தேவைப்படும் நோய். அத்தகையோரைக் கடிந்துகொள்ளாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே! இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் வாப்பா, உம்மா உட்கொள்ளும் மாத்திரைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் உறக்க மாத்திரை இருந்தால், எத்தனை ஆண்டுகளாக, யார் எழுதித் தந்தது என்று கனிவோடு கேளுங்கள். விடை தெரியவில்லையென்றால் அடுத்த வாரமே மருத்துவரைக் கண்டு பேசுங்கள்.