வலிக்குதேன்னு உட்கார்ந்துடாதீங்க

(செப்டம்பர் 8, உலக பிசியோதெரபி தினத்தையொட்டி நமது மின்னிதழின் ஒலிப்பகுதிக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

உட்கார்ந்துகிட்டு இதைக் கேட்கிறீங்கன்னா, ஒரு சின்ன வேலை சொல்றேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்க. முடிஞ்சுதா? அடுத்து, வீட்டுல அம்மா, அப்பா, பாட்டி யாராவது இருந்தால் அவங்களையும் எழச் சொல்லிப் பாருங்க. முட்டியில் கை வைத்து அழுத்தி, "அப்பாடா"ன்னு எழுகிறார்களா? அப்படியானால் இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான். கைப்பேசியை அவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வையுங்க.

மூட்டுவலி என்றதும் நம் வீடுகளில் வழக்கமாக வரும் பதில், "வயசாச்சு, தேஞ்சு போச்சு, இனிமே என்ன பண்றது." தேய்மானம் உண்மைதான், யாரும் மறுக்கலை. ஆனால் முழங்கால் என்பது வெறும் எலும்பும் குருத்தெலும்பும் மட்டும் இல்லை. அதைத் தாங்கிப் பிடிப்பது தசை, குறிப்பாகத் தொடையின் முன்பக்கத் தசை. வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் முதலில் இளைப்பது அந்தத் தசைதான். தசை இளைத்தால் மூட்டின் மேல் சுமை கூடும். சுமை கூடினால் வலி கூடும். வலி கூடினால் இன்னும் நடக்க மாட்டோம். கடைத்தெரு வரை போய்வந்தவர் வாசல் வரைக்கும் ஆகி, வாசல் வரை வந்தவர் கட்டிலோடு நின்றுவிடுவது இப்படித்தான்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து கிடைக்கிறது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால்தானே தண்ணீரை உறிஞ்சும், அதுபோல மூட்டு மடங்கி நீளும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வரும். அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு. எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறையும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில் போய் "முட்டிவலி, ஒரு மாத்திரை கொடுங்க" என்கிறோம். டாக்டர் சொல்லி சில நாள் சாப்பிடுவது வேறு. தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும். ஏற்கெனவே சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பத்து ரூபாய் மாத்திரை என்பதால் அதைச் சாதாரணமாக நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, என்ன பயிற்சி? ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு துண்டும் ஒரு நாற்காலியும் போதும்.

காலை நீட்டி உட்காருங்க. துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வையுங்க. முட்டியால் துண்டைத் தரையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடிச்சிருந்து விடுங்க. தொடைத் தசை இறுகுவது கை வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு காலுக்குப் பத்து முறை. டிவி பார்த்துக்கிட்டே செய்யலாம், சீரியலில் விளம்பரம் வரும் நேரம் இதற்குத் தாராளமாகப் போதும். அடுத்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை மடக்காமல் ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்க. தூக்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டாம். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக நடக்கும். மூன்றாவது, தொடக்கத்தில் நான் சொன்ன அதே நாற்காலி வேலை: உட்கார்ந்து எழுவது. முடியாதவர்கள் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பிக்கலாம். நாற்காலி சுவரோரமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலி பளிங்குத் தரையில் சறுக்கிவிடும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, பால் காயும் நேரத்துக்கான பயிற்சி.

"செய்தா வலிக்குதே" என்பீர்கள். லேசான வலி, மறுநாள் காலைக்குள் அடங்கிவிடுகிறது என்றால் தொடரலாம். மறுநாள் வீங்கியோ, வலி முந்தைய நாளைவிடக் கூடியோ இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. நிறுத்திவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று நாள் செய்துவிட்டு "ஒண்ணும் சரியாகலை" என்று விடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

தரையில் உட்காரவே கூடாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் சம்மணமும் குந்தி உட்காருவதும் வேண்டாம். அரிவாள்மனையை மேடைக்கு மாற்றுங்க, கழிவறைக்கு ஒரு கம்மோடு நாற்காலி வாங்கிக்குங்க. ஆனால் வலியே இல்லாத ஒருவர், வந்துவிடுமோ என்ற பயத்தில் தரையை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை. தினமும் குனிந்து கோலம் போட்டு எழுபவர்களுக்கு அதுவும் ஒரு பயிற்சிதான்.

கைத்தடி விஷயம் ஒன்று. வலது முட்டி வலித்தால் தடி எந்தக் கையில்? வலது கையில் என்றுதான் பலரும் பிடிக்கிறார்கள். சரியானது இடது கை. வலிக்கிற காலை எடுத்து வைக்கும்போது எதிர்ப்பக்கத் தடியும் கூடவே போக வேண்டும், அப்போதுதான் சுமை பகிரும். தடியின் அடி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாத்துங்க. படிக்கட்டில் ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் வலிக்கிற கால். இந்த இரண்டு வரியையும் பேரன் பேத்திகள் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும் தாயுமானவர் திட்டம் இப்போது இருக்கிறது. நடக்கவே முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. நடக்க முடிந்தவர்கள் மூட்டையை அவர்கள் கொண்டு வரட்டும் என்று விட்டுவிட்டு, கடை வரைக்கும் வெறுங்கையோடு ஒரு நடை போய் வாங்க. யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி எலும்பு முறிவுக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊரில் இழப்பு அதிகம் என்பது என் எண்ணம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சை தர, 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. உயிர் காப்பாற்றப்படுகிறது, எலும்பும் பொருத்தப்படுகிறது. அதற்குப் பிறகு? மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் என்று சொன்னால், ஆறு வாரமும் அந்தக் கையை ஒரு பொம்மை மாதிரி வைத்திருக்கிறோம். கட்டைப் பிரித்ததும் எலும்பு கூடியிருக்கும். ஆனால் விரல் மடங்காது, தோள் தூக்காது. தையல் வேலை செய்பவருக்கு, பைக் மெக்கானிக்குக்கு, அதற்கப்புறம் இன்னும் பல மாதம் வருமானம் போகும்.

மணிக்கட்டில் கட்டு என்றால், கட்டுக்கு வெளியே இருக்கிற விரல், முழங்கை, தோள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் "அசைக்கணும்" என்பதுதான் பதிலாக இருக்கும். விரல்களை முழுசா மடக்கி முழுசா விரியுங்க, மணிக்கொரு தடவை பத்து முறை. கையைத் தொங்க விடாமல் இதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். கட்டு மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ, எதுவானாலும் சரி, விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ மாறினால், மரத்துப் போனால், விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். குழந்தைகளுக்கு முழங்கை பக்கம் அடிபட்டால் இன்னும் கவனம், அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, அழுவார்கள், அவ்வளவுதான்.

கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பது நம் பழக்கம். முதல் இரண்டு நாள் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஐஸை ஒரு துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்க, காலை உயர்த்தி வையுங்க. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி கூட வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம்.

பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருந்தால், அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீங்க. தோள் மூட்டு நழுவிவிடும், அந்த வலியே பிறகு பயிற்சிக்குத் தடையாகும். இடுப்பில் அல்லது தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். தலை வாரவோ ஜாக்கெட் கொக்கி மாட்டவோ கை பின்னால் போகவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று ஒரு வருடம் ஓட்டாமல் காட்டுங்கள்.

எங்கே காட்டுவது? தனியாருக்குப் போனால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஆகும், அதனாலேயே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை, சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றுதான் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், அதே திட்டத்தில் வீட்டுக்கு வருகிறது. படுக்கையில் இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், நடமாட முடியாத முதியோர் வீட்டுக்கு இயன்முறை சிகிச்சையாளர் நேரில் வந்து பயிற்சி தருகிறார். கட்டணம் இல்லை. உங்கள் பகுதிக்கு மாத்திரை கொண்டு வரும் அக்காவிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரும் முகவரியும் சொன்னால் போதும். நடந்து வரக்கூடியவர்கள் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கே போகலாம்.

வருகிறவர் தினமும் வர முடியாது, பல வீடுகள் இருக்கும். அவர் வராத நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. இங்கேதான் உங்கள் கையில் இருக்கும் போன் உதவும். சிகிச்சையாளர் பயிற்சி செய்ய வைக்கும்போது, அவரிடம் கேட்டுக்கொண்டு, வீடியோ எடுத்து வைத்துக்குங்க. பாட்டியே பாட்டியைப் பார்த்துச் செய்வதுபோல் வேறு எந்த வீடியோவும் வராது. காலை, மாலை அலாரம் வையுங்க. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வீடியோ காலில் வந்து கூடவே எண்ணலாம். யூடியூபில் "ஏழே நாளில் முட்டிவலி போக" என்று வருவது யாருக்கோ செய்த பயிற்சி. இடுப்பு அறுவை சிகிச்சை செய்த ஒருவர் அதைப் பார்த்துச் சம்மணம் போட்டால் மூட்டு நழுவக்கூட வாய்ப்பு உண்டு.

"அங்கே போனால் கரண்ட் வைப்பாங்க" என்பதுதான் பிசியோதெரபி பற்றி ஊரில் இருக்கிற எண்ணம். அந்தக் கருவிகள் வலியைக் கொஞ்ச நேரம் குறைக்கும், அவ்வளவே. கரண்ட் மட்டும் வைத்துவிட்டுப் பயிற்சி எதுவும் சொல்லித் தராமல் அனுப்பினால், "நான் வீட்டில் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அவர் பி.பி.டி. பட்டம் பெற்றவரா என்றும் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும். புது மூட்டு வைத்தாலும் அதை மடக்குவதும் நீட்டுவதும் உங்கள் தசைதான். அதனால்தான் பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். கொடுமை செய்கிறார்கள் என்று உறவினர்கள் கோபப்பட வேண்டாம்.

பயிற்சியைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால். விழுந்த பிறகு காலையே ஊன்ற முடியாவிட்டால். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ. படுக்கையில் இருப்பவருக்கு ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால். இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ, வாய் கோணி கை கால் இழுப்பதோ நடந்தால் உடனே 108. மற்றபடி எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்ற சந்தேகத்துக்கு 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அழைக்கும்போது வலி எப்போது தொடங்கியது, எந்த மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை, பிரஷர் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்க.