சேர்வராயன் மலை மூலிகைகளும் நம் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மூலிகைகளின் பயன் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் மருத்துவன் அல்லேன். வரலாறு பயின்று, அதைப் பயிற்றுவித்து வரும் ஆசிரியன். ஆகவே, இன்ன நோய்க்கு இன்ன பச்சிலை என்று பட்டியல் தரப்போவதில்லை. மூலிகையை எவ்வாறு மதிப்பது, எவ்வாறு ஆராய்வது, எந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போவது என்னும் மூன்றையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாம் வாழும் இந்தச் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின. அவற்றில் கூலி வேலை செய்யச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். அவர்களுக்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கு வாழ்ந்து, இக்காட்டின் செடி கொடிகளை அறிந்து வைத்திருந்தனர். லைன் வீட்டில் காய்ச்சல் கண்டால் மருத்துவர் எங்கே? மருந்துக்கடை எங்கே? கைக்கு எட்டிய பச்சிலையே நமக்கு முதல் மருத்துவராயிற்று.

என் அம்மாயி எழுத்தறியாதவர். காப்பிப் பழம் பறித்துத் திரும்பும்போது மடியில் ஏதேனும் ஒரு தழை இருக்கும். சளிக்கு ஆடாதோடைக் கஷாயம், தலைபாரத்திற்கு நொச்சி ஆவி, வயிற்றுக் கோளாறுக்குக் கடுக்காய். மலையாளிப் பெண்களிடம் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்துத் தருவார். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று இளமையில் நான் நகைத்ததுண்டு. பின்னாளில் ஒரு செய்தி படித்து வெட்கப்பட்டேன். ஆடாதோடை இலையில் வாசிசின் என்னும் பொருள் உள்ளது. அதனை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை வேதியியலார் உருவாக்கினர். இன்று மருந்துக்கடையில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் அது சேர்கிறது. அம்மாயியின் அடுப்பிற்கும் அந்தப் புட்டிக்கும் உறவு உண்டு என்பதை நான் ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அறிந்தேன்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. நம் சமுதாயத்தின் பெரும் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவராகவும் விளங்கியவர். 1907-ஆம் ஆண்டு "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கிய அதே கைகள் நாடி பிடித்து மருந்தும் அளித்தன. இன்று சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. படிக்கவே உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே மருத்துவ அறிவு வாழ்ந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், பெருமை பேசுவதோடு நான் அமர்ந்துவிட்டால் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆகேன். வீட்டில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன்.

1984-ஆம் ஆண்டு. நான் சேலத்தில் அரசு விடுதியில் தங்கிப் பள்ளியில் படித்து வந்தேன். மலை மேல் என் அக்காள் நிறைமாதத்தை நெருங்கிக் கொண்டிருந்தார். கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பதை அறியாதார் யார்? அரைத்து மோரில் கலந்து காலைதோறும் கொடுத்தனர். உப்பை நிறுத்தினர். கீழே அழைத்துச் செல்லலாம் என்று ஒருவர் சொன்னபோது, கூலி போகுமே, பேருந்துக்குப் பணம் வேண்டுமே, போன இடத்தில் நம்மை எப்படிப் பேசுவார்களோ என்று தயங்கினர். எட்டாம் நாள் அக்காள் நினைவிழந்தார். மருத்துவமனைக்குச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. தாயும் போனார், சேயும் போயிற்று.

அன்று எவரும் தீங்கு நினைக்கவில்லை. அறிந்ததை அன்போடு செய்தனர். அறியாதது வேறொன்று இருந்தது. காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்களின் அடையாளம். அசுத்தக் குடிநீரால் பரவும் 'ஏ', 'ஈ' வகைக் கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அவ்வாறு தணியும்போது, நாம் கொடுத்த பச்சிலையே தணித்தது என்று எண்ணிவிடுகிறோம். அதே 'ஈ' வகை, கருவுற்ற பெண்ணை இறுதி மாதங்களில் பற்றினால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேலும் இறக்க நேரிடலாம். அக்காளுக்கு வந்தது இன்ன வகை என்று இன்று எவராலும் கூற இயலாது. உடனே கொண்டு சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் நான் உறுதி சொல்லேன். ஆனால் அந்த வாய்ப்பை அவருக்கு நாம் கொடுக்கவில்லை. இது நாற்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் கிடக்கும் முள்.

அக்கீழாநெல்லியையே அறிவியல் எவ்வாறு அணுகியது என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராசன், 'பி' வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க் ஆகியோர் சேர்ந்து ஆராய்ந்தனர். 'பி' வகைக் கிருமியை உடலில் தாங்கியிருந்தோரில் ஒரு சாரார்க்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு சாரார்க்கு மருந்தற்ற வெறும் பொடியும் முப்பது நாள் அளித்தனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. 1988-இல் 'லான்செட்' இதழில் இது வெளியானதும் உலகமே நம் வயல் வரப்புச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மீண்டும் சோதித்தபோது அப்பலன் கிட்டவில்லை. கேள்வி இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆகவே, கீழாநெல்லி வீண் என்று தள்ளவும் வேண்டா. அதுவே போதும் என்று அமரவும் வேண்டா. அதே 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் கட்டணமின்றிப் போடுகிறார்கள். அதைத் தவறவிட்டுவிட்டுப் பச்சிலை தேடுவது அறிவுடைமை ஆகாது.

இன்னொரு செடி நித்தியகல்யாணி. நம்மவர் அதைச் சுடுகாட்டு மல்லி என்போம். வீட்டில் வைக்கவும் சிலர் கூசுவர். ஜமைக்காத் தீவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடித்தனர். கனடா நாட்டு அறிஞர்கள் நோபிள், பியர் ஆகியோர் அதைச் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, ஆனால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வியப்பைப் பின்தொடர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். பின்னர் வின்கிரிஸ்டினும் கிடைத்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் அம்மருந்தைச் செலுத்துகிறார்கள். மக்கள் சொன்ன பயன் மெய்ப்படவில்லை. ஆனால் சோதித்ததனால் அதனினும் பெரிய பயன் கிட்டியது. அதற்காக அவ்விலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள்! அது நஞ்சு. அளவறிந்து பிரித்தால்தான் மருந்து.

ஆராயும் கல்வி நம்மிடம் இல்லையெனில் என்ன நேரும்? புண்ணுக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார் அறிந்தது. அதற்கே 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கினர். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடி, 1997-இல் அதை நீக்கச் செய்தது. மறுபுறம், அகத்திய மலைக் காணிப் பழங்குடியினர் களைப்புத் தீர உண்ணும் ஆரோக்கியப்பச்சையைத் திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அறிந்து மருந்தாக்கினர். உரிமத்தால் வந்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கே அளிக்க ஏற்பாடு செய்தனர். எழுதி வைக்கப்பட்ட அறிவைக் காப்பது எளிது. அம்மாயியோடு மண்ணுக்குள் போன அறிவை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

இளைஞர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

வீட்டு முதியோரிடம் உட்காருங்கள். செடியின் பெயர், பறிக்கும் பருவம், எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மலையாளி மக்கள் சொன்னதை அவர்கள் பெயராலேயே எழுதுங்கள்; பிறர் அறிவை நமதென்பது நமக்கு நேர்ந்த அநீதியையே நாம் பிறர்க்குச் செய்வதாகும்.

சுற்றுலாக் காலத்தில் சாலையோரம் விற்கும் பெயரில்லாப் பொடிகளை நம்பாதீர்கள். வேரோடும் கிழங்கோடும் பிடுங்கினால் அடுத்த ஆண்டு மலையில் செடி இராது.

மூலிகையை முதலில் உணவாகக் கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையோர். கீரையும் பயறும் உண்டு, உடன் நெல்லிக்காய் சேர்த்தால் அதன் வைட்டமின் 'சி' இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் விடாதீர்கள்.

பாம்பு கடித்தால், கருவுற்றவளுக்குக் கண் மஞ்சளானால், குழந்தைக்கு மூச்சு இரைத்தால் பச்சிலை தேடி ஒரு நிமிடமும் கழிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கூலியை நினையாதீர்கள். அவமதிப்பார்களோ என்று அஞ்சினால் சங்கத்து இளைஞர் இருவர் துணைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனை எவருடைய தயவும் அன்று; நம் உரிமை.

இறுதியாக, படியுங்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. தாவரவியல், மருந்தியல், செவிலியம், மருத்துவம் ஆகிய எல்லாக் கதவுகளையும் தட்டுங்கள். தழை பறிக்கும் கையாகவே இருந்த நம் கை, அதைச் சோதித்து முடிவு எழுதும் கையாகவும் ஆக வேண்டும். அடுத்த விழா மேடையில் இத்தலைப்பில் பேச என்போன்ற வரலாற்று ஆசிரியனை அழைக்காதீர்கள். நம் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து சென்று மருத்துவராகத் திரும்பிய ஒரு பெண் இங்கு நின்று பேசட்டும். அதைக் கேட்க நான் முன்வரிசையில் அமர்ந்திருப்பேன்.