உவமையும் உறவும்



ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதைக் கண்டு சொல்வது கவிஞர் தொழில். அவ்வாறு இருப்பது ஏன் என்று கேட்ட ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஆசா கிரே (1810–1888).

அமெரிக்கக் கப்பற்குழு ஒன்று ஜப்பானிலிருந்து கொணர்ந்த உலர்ந்த செடிகளை அவர் ஆராய்ந்தார். அவற்றின் நெருங்கிய உறவினங்கள், அண்மையிலுள்ள அமெரிக்க மேற்குக் கரையைவிட, தொலைவிலுள்ள கிழக்குக் காடுகளிலேயே மிகுந்திருந்தன. இன்று உலகில் டுலிப் மரத்திற்கு இரண்டே இனங்கள் உள்ளன: ஒன்று சீனத்தில், மற்றொன்று கிழக்கு அமெரிக்காவில்.

ஒவ்வோர் இனமும் அதனதன் இடத்திலேயே தனித்துப் படைக்கப்பட்டது என்றார், அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த லூயி அகாசி. கிரே 1859-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதனை மறுத்தார். வடபுலம் வெப்பமாயிருந்த பழங்காலத்தில் ஒரே தாவரக்கூட்டம் இரு கண்டங்களிலும் பரவியிருந்தது. பின்னர்க் குளிர் மிகுந்து அது துண்டுபட்டது என்பது அவர் முடிபு. அவ்வாண்டின் இறுதியில்தான் டார்வினின் பெருநூல் வெளிவந்தது. கிரே ஆழ்ந்த இறைப்பற்றாளர். எனினும் இலைகள் சொன்ன சான்றை அவர் மறைக்கவில்லை. அப்பிரிவு ஒரே காலத்தில் நிகழவில்லை, பல காலங்களில் நிகழ்ந்தது என்று பிற்கால ஆய்வுகள் திருத்தின. பொதுவான மூதாதை என்ற கருத்தோ நிலைத்தது.

அவர் பொறுமைக்கும் ஒரு சான்று உண்டு. 1839-இல் பாரிசில், மலரில்லாத ஓர் உலர்ந்த செடியைக் கண்டார். கரோலினாவின் உயர்ந்த மலைகளில் எடுத்தது என்பதே அதன் குறிப்பு. 1842-இல் அதற்குச் ஷார்ஷியா எனப் பெயரிட்டார். மலைகளில் தேடியும் கிடைக்கவில்லை. 1877-இல் பதினேழு வயது இளைஞர் ஒருவர் அதனைக் கண்டெடுத்தார்; மலைமுடியில் அன்று, தாழ்ந்த ஆற்றங்கரையில். அச்செடியின் உறவினமும் ஜப்பானில் மலர்கிறது.

கவிஞர் பெருமக்களே, நம் உவமைகளிலும் இரு வகை உண்டு. ஒன்று தோற்றத்தால் ஒத்தது. கேட்ட அளவில் இனித்து, அத்துடன் முடிவது. மற்றது வேரால் ஒத்தது. இரண்டு பொருள்களும் முன்னொரு காலத்தில் ஒன்றாயிருந்ததை நினைவூட்டுவது. ‘போல’ என்று எழுதுமுன், இஃது உவமையா, உறவா என்று ஒருமுறை வினவுவோம். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தில் அவ்வினா தொடர்ந்து ஒலிக்கட்டும்.