வலி திரும்ப வருமா?

தம் தாயார் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் எளாவூரில் பேச என்னை அழைத்தபோது, "அம்மாவுக்கு வந்தது என்ன வலியென்று கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியாமலே போச்சுங்க டாக்டர்" என்றார். அடையாளங்களைக் கேட்டேன். முக நரம்பு வலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து இதே வலியோடு என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நுழைந்தவர், முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். கன்னத்தருகே என் விரல் போனதுமே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலப்பக்க மேல்வரிசையில் நான்கு பற்கள் இல்லை. பல்வலி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார்கள். பற்கள் போயின, வலி போகவில்லை. ஒன்பது ஆண்டுகள்!

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பு மூளைத்தண்டில் சேரும் இடத்தில், பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். நரம்பின் உறை தேய்ந்துவிடுகிறது. பிறகு வாடைக்காற்று பட்டாலும், ஒரு வாய் சோறு மென்றாலும் மின்னல் வெட்டியதுபோல் வலிக்கும். முதல் மருந்து கார்பமசிபைன். நன்றாகவே கேட்கும். ஆனால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் தரும். படகில் நின்று கோல் ஊன்றுகிறவருக்கு அது சிறிய தொந்தரவு அல்ல.

மருந்து தாங்காதபோது அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ரத்தக்குழாயை விலக்கி, நடுவே டெஃப்லான் துணுக்கை வைக்கிறோம். இதைப் பரப்பியவர் பிட்ஸ்பர்க்கின் பீட்டர் ஜனெட்டா. அவருடைய குழு 1,155 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டது. பத்து ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 70 பேர் மருந்தின்றி வலியின்றி இருந்தார்கள். திரும்பிய வலி பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே திரும்பியது. பத்தாம் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபத்து இல்லாமல் இல்லை: இருவர் இறந்தார்கள், நூற்றுக்கு ஒருவர் அந்தப் பக்கக் காதின் கேட்கும் திறனை இழந்தார்.

மண்டையோட்டைத் திறக்காமல் கன்னம் வழியே ஊசி செலுத்தி, நரம்பைச் சூட்டால் மரக்கச் செய்யும் முறையும் உண்டு. முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் அது வரம். அங்காராவின் கன்போலாட் 1,600 பேருக்குச் செய்து 2001இல் எழுதினார். ஒரே முறை செய்துகொண்டவர்களில் பத்தாம் ஆண்டில் வலியின்றி இருந்தவர் ஏறத்தாழ பாதிப்பேர். மறுபடியும் செய்துகொள்ளலாம். ஆனால் முகம் மரத்துப்போகும். சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சியும் குறையும். உப்புநீர் தெறிக்கும், மணல் பறக்கும் இந்தக் கரையில் கண்ணில் விழுந்த தூசு உறுத்தாமல் கிடந்தால் பார்வைக்கே கேடு. மீனவக் குடும்பங்களிடம் இதைச் சொல்லாமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

ஜனெட்டா குழுவின் கணக்கில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு மேல் வலியோடு கிடந்தவர்களுக்கு அது திரும்பும் வாய்ப்பு கூடியது. அந்த அம்மாவின் ஒன்பது ஆண்டுகள் பல் பிடுங்குவதிலும் மந்திரிப்பதிலும் போயின. இத்தனைக்கும் வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். எளாவூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அந்தப் பொது மருத்துவமனை. பல் மருத்துவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: பல்லில் குறை தெரியாவிட்டால் பிடுங்காதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள்.

"திரும்ப வருமா சார்?" என்று அறுவை சிகிச்சைக்குப் பின் அந்த அம்மா கேட்டார். பத்துப் பேரில் மூன்று பேருக்கு வரலாம், வந்தாலும் வழி உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றேன். மூன்றாம் ஆண்டில் லேசாகத் திரும்பியது, சிறிய அளவு மாத்திரையில் அடங்கியது. ஏழாம் ஆண்டான இப்போது, போன மாதம் வந்திருந்தார். முந்தானை தோளில் கிடந்தது. பழைய நினைவில் மின்விசிறியை நிறுத்த எழுந்தேன்.

"சுத்தட்டும் சார், புழுங்குது" என்றார்.