குடகுக் கமலா

பெங்களூரில் நெடுநாளாய்க் குடியிருக்கும் தமிழர்களாகிய நமக்குக் கமலாப்பழம் என்றால் ஒரு காலத்தில் குடகுப் பழமே. தளர்ந்த தோல், மஞ்சளோடு கலந்த பச்சை, இனிப்பின் ஓரத்தில் சிறு புளிப்பு. இன்று சந்தையில் கேட்டால் நாகபுரிப் பழத்தையோ, வடக்கிலிருந்து வரும் கின்னோவையோ எடுத்து நீட்டுகிறார்கள்.

குடகுத் தோட்டக்காரர் தம் பழத்தைக் கைவிட்டுவிட்டார் என்று குறை கூறுவது நியாயமன்று. காப்பிச் செடிகளுக்கு ஊடே நின்ற அம்மரங்களைக் 'கிரீனிங்' என்னும் நோய் பற்றியது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சியொன்று அதனை மரத்துக்கு மரம் பரப்புகிறது. இலை திட்டுத்திட்டாய் வெளுக்கும். பழம் சிறுத்துக் கோணும். பற்றிய மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை.

நெல் விதைப்பவர் அடுத்த பட்டத்திலேயே வேறு ரகத்துக்கு மாறிவிடலாம். கமலா பயிரிடுவோர்க்கு அந்த வசதி ஏது? விதைக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது வேண்டும். ஒட்டுக்கன்று முந்திக் காய்க்கும். ஆனால் ஒட்டுக்கு மொட்டெடுத்த தாய்மரம் நோயுற்றிருந்தால் கன்றோடு நோயும் தோட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே, எந்த ரகம் என்பதைவிட, எந்த மரத்தின் மொட்டு, எந்த வேரின் மேல் என்பதே பெரிய கேள்வியாகிறது.

வேருக்கென்று பலர் தேர்ந்தது ரங்கப்பூர் எலுமிச்சை. ரங்கப்பூர் இன்றைய வங்கதேசத்தில் உள்ளது. 1930, 1940களில் பிரேசில் நாட்டில் 'டிரிஸ்டெசா' என்னும் வைரஸ் நோயால் ஆரஞ்சுத் தோப்புகள் பட்டுப்போனபோது, அந்நாட்டாரும் இந்த எலுமிச்சையின் வேரையே பெரிதும் நாடினர். நம் பக்கத்துச் செடி அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது!

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று குடகின் செட்டள்ளியில் இருக்கிறது. நோயற்ற கன்றுகளை வளர்ப்பது அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்று. 2005-06ஆம் ஆண்டில் குடகுக் கமலாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும், நிழல்மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றினால் வருமானம் கிட்டும் என்றிருக்கையில், மீண்டும் கமலா நடத் தோட்டக்காரர் தயங்குகிறார். அவர் கணக்கும் சரிதானே?

வாங்குவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தோல் நன்கு சிவக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அவை குறைந்த இடத்தில் பழம் உள்ளே கனிந்த பின்னும் வெளியே பச்சை நிற்கும். நம் நண்பர் ஒருவர் அத்தகைய பழத்தைக் காயென்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பளிச்சென்ற நிறமுடைய வேறு பழம் வாங்கிச் சென்றார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர் கூடையில் குடகுப் பழம் இல்லை.