சேற்றில் உறையும் எண்ணெய்

1969ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், வெஸ்ட் ஃபால்மத் கரையருகே ‘ஃப்ளோரிடா’ என்னும் எண்ணெய்ப் படகு தரைதட்டி, ஏறத்தாழ 7 லட்சம் லிட்டர் எரியெண்ணெயைக் கடலில் சிந்தியது. அவ்வெண்ணெயில் ஒரு பகுதி, பிராணவாயு புகாத சதுப்புச் சேற்றினடியில், நுண்ணுயிர்களாலும் முற்றும் ஜீரணிக்க இயலாததாய்த் தங்கிவிட்டதை, வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 30 ஆண்டுகளுக்குப் பின்னும் கண்டனர். அங்கே வளை தோண்டும் நண்டுகள், அந்தோ, எண்ணெய்ப் படலத்தை எட்டியதும் ஆழம் போகாமல் திரும்பிவிடுகின்றனவாம்!

கடலடிச் சேறு இவ்வாறு மாசுபட விபத்து மட்டுமே காரணமன்று. நகரத்து மழைநீர் சுமந்து வரும் வாகனக் கசிவும், நிலக்கரியும் விறகும் டீசலும் எரிந்த புகைத்துகளும், ஆரவாரமின்றி அனுதினமும் கடலடியில் படிகின்றன. சேற்றிலுள்ள சேர்மங்களின் விகிதத்தை நுணுகி ஆராய்ந்தே, சிந்திய எண்ணெய் எது, எரிந்த புகை எது என்று ரசாயன அறிஞர்கள் பகுத்தறிகின்றனர்.